18 ஏக்கர் மலைக்காடு தன் செலவைத் தானே ஈட்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. உங்கள் மலையேற்றச் சங்கத்துக்குப் பழனி மலைத்தொடரின் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் 18 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பழைய காப்பித் தோட்டம், இருபது ஆண்டுகளாகக் கைபடாமல் காடாகிவிட்டது. ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு நீரோடை. காவலாளி சம்பளம், வரி, வேலி என்று ஆண்டுக்கு மூன்று லட்சம் போகிறது, வரவு எதுவும் இல்லை. பத்து காட்டேஜ் கட்டிச் சூழல் சுற்றுலா நடத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகத்தான் நான் படிக்கிறேன்: நிலத்தை விற்காமல், அதன் காட்டுத்தன்மையும் போகாமல், அதன் செலவை அதுவே பார்த்துக்கொள்ள வழி உண்டா? உண்டு. ஆனால் அது பத்து காட்டேஜ் வழியாக இல்லை. எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பதை உங்கள் ஓடை சொல்ல வேண்டும்; கட்டுமான ஒப்பந்தக்காரர் சொல்லக் கூடாது.

முதலில் ஓடையை அளந்துவிடுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் அந்தக் கணக்கு உதவாது. ஏப்ரல் கடைசியில், கோடைமழை விழுவதற்கு முன், ஓடை மிக மெலிந்திருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். கல்லும் களிமண்ணும் வைத்துத் தண்ணீரை ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்றடி பிவிசி குழாய் ஒன்றைச் செருகி, மொத்த நீரும் குழாய் வழியே விழும்படி செய்யுங்கள். கீழே 20 லிட்டர் வாளி. நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். ஐந்து தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். வாளி நான்கு நிமிடத்தில் நிறைகிறது என்று வையுங்கள்: நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளுக்கு 7,200 லிட்டர். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி ஓடைக்கும், அதை நம்பி வரும் காட்டுமாட்டுக்கும், கீழே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் உரியது. கையில் இருப்பது 2,400 லிட்டர். வாளிக் குளியலும் ஊற்றிக் கழுவும் கழிவறையும் என்றால் ஒரு விருந்தினருக்கு 100 லிட்டர், ஊழியர் ஒருவருக்கு 60, சமையலறைக்கு 300 லிட்டர் பிடிக்கும். 16 விருந்தினரும் 5 ஊழியரும் சேர்ந்தால் 2,200 லிட்டர். அதோடு எல்லை வந்துவிட்டது. பத்து காட்டேஜ், ஒவ்வொன்றிலும் கீசரும் ஷவரும் என்றால் நாளுக்கு 5,000 லிட்டரை எளிதாகத் தாண்டும். பிறகு ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். ஓடைக்கு ஊற்று கொடுக்கும் பாறை வெடிப்பிலிருந்தே அது உறிஞ்சினால் ஓடையும் வற்றும். மலையில் பல விடுதிகள் லாரித் தண்ணீருக்கு வந்து நிற்பது இந்த வழியில்தான்.

அடுத்தது காகிதங்கள். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவையும், உங்கள் ஆவணத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பவையும் கலந்திருக்கின்றன. 'பட்டா நிலம்தானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்பது மலையில் செல்லாது, இது உறுதி. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949 இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் வரும் நிலத்தில் மரம் வெட்டவும், நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமமாக இருந்தால் கட்டட அனுமதி அந்த வழியாகவும் போக வேண்டும். இந்த ஆணையத்தை அலுவலகங்களில் 'ஹாகா' என்றால் புரிந்துகொள்வார்கள். உங்கள் புல எண்ணுக்கு இவற்றில் எவையெல்லாம் பொருந்தும் என்பதை ஏ பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். இரண்டை விட்டுவிடாமல் பாருங்கள்: நிலம் எப்போதாவது நிபந்தனைப் பட்டாவாக (விற்கவும் பயன்படுத்தவும் அரசு கட்டுப்பாடு வைத்துக் கொடுப்பது) ஒப்படைக்கப்பட்டதா, 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயத்தின் எல்லை எவ்வளவு தூரம். நிபந்தனைப் பட்டா என்று தெரிந்தால் எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டு முதலில் வழக்கறிஞரிடம் போங்கள்.

'கூடாரம் தற்காலிகம்தான், அதற்கு அனுமதி எதற்கு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகாமும் சாகசச் சுற்றுலாவும் நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வேலிக்கு அப்பால் காப்புக்காடு தொடங்கினால், அங்கே விருந்தினரை நூறடி கூட்டிப்போவதும் வனக்குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் எரிந்த காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தபின் வந்த மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளின்படி, காட்டுக்குள் நடக்க வனத்துறையின் முன் அனுமதியும் கட்டணமும் கட்டாயம். ஆகவே நடைப்பாதை முழுவதும் உங்கள் 18 ஏக்கருக்குள்ளேயே சுற்றி வரும்படி வகுத்துக்கொள்ளுங்கள். சரியாக வகுத்தால் அந்தப் பரப்பில் இரண்டரை கிலோமீட்டர் கிடைக்கும். காலைப் பொழுது முழுக்கப் பறவை பார்த்துக்கொண்டு நடக்க அது தாராளம்.

நீலகிரியில் சீகூர் பீடபூமியில் நடந்ததையும் சங்கத்தில் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. யானை வழித்தடம் என்று 2010-இல் அரசு அறிவித்த பகுதியில் இருந்த விடுதிகள் பத்தாண்டு வழக்காடின. 2018-இல் பலவற்றுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பை உறுதி செய்தது. அங்கே பணம் போட்டவர்களில் பலரிடம் பட்டா இருந்தது. உங்கள் பகுதியிலும் யானையும் காட்டுமாடும் நடமாடுகின்றன. நிலத்தின் எந்த மூலை வழியாக, எந்த மாதங்களில் அவை கடக்கின்றன என்பது சுற்றுவட்டாரத்துப் பளியர் பழங்குடிகளுக்கும் தோட்டக் காவலர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஓராண்டு முழுக்கச் சாணத்தையும் தடத்தையும் தேதியோடு குறித்து, புலப்படத்தின் மேல் வரைந்துவிட்டு, அதன்பின் படுக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். இந்த ஓராண்டுக் காத்திருப்பை உறுப்பினர்கள் விரும்பமாட்டார்கள். இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யானையை வரவழைப்பது பெரும்பாலும் நம் கைவேலைதான். பழைய காப்பித் தோட்டமென்றால் நிழலுக்கு வைத்த பலா மரங்கள் இருக்கும், மலைவாழையும் இருக்கும். பலா பழுக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை அந்த வாசனைக்கு யானை வரும். கூடாரமோ அறையோ பலாவிலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பலாவை வெட்டாமல், காய் பிஞ்சாக இருக்கும்போதே இறக்கிச் சமையலுக்குப் பயன்படுத்துங்கள். அரிசி, உப்பு, வெல்லம் ஆகியவற்றைப் படுக்கும் கட்டடத்தில் வைக்கவே கூடாது, அவற்றுக்காக யானை சுவரை இடிக்கும். இரும்புக் கதவு போட்ட சிறு கிட்டங்கியைத் தனியாகக் கட்டி, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவாருங்கள். சோற்றுக் கழிவைக் குழியில் கொட்டினால் காட்டுப்பன்றி தோண்டும். மூடியுள்ள சிமெண்ட் தொட்டியில் மக்கவையுங்கள். நிலம் முழுக்கச் சூரிய மின்வேலி வேண்டாம். வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒருபுறம். மொத்தத்தையும் அடைத்துவிட்டால் விலங்கு பக்கத்துத் தோட்டத்துக்குள் புகும், ஊர்ப்பகை உங்கள்மேல் வரும். படுக்கும் இடத்தைச் சுற்றி அரை ஏக்கருக்கு மட்டும் போடுங்கள்.

தங்குமிடத்துக்குப் புதிதாக அடித்தளம் தோண்டுமுன் அந்த ஓட்டுக் கட்டடத்தைப் பழுது பாருங்கள். எட்டுக் கட்டில் போட்ட பொதுக்கூடம், சமையலறை, சாப்பாட்டுத் திண்ணை மூன்றும் அதற்குள் அடங்கும். மீதி எட்டுப் பேருக்கு மேடை போட்ட கூடாரம் நான்கு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கருங்கல் தூண்மேல் ஜிஐ குழாய்ச் சட்டம், அதன்மேல் பலகை. ஒரு மரமும் வெட்டத் தேவையில்லை, மழைநீர் அடியில் ஓடிவிடும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். மூடுபனியில் கான்வாஸ் துணி பூஞ்சை பிடித்து மூன்று நான்கு ஆண்டில் கிழியும். மேல்விரிப்புக்கும் கூடாரத்துக்கும் இடையே ஓரடி காற்றோட்டம் விட்டால் ஓராண்டு கூடுதலாகத் தாங்கும். மாற்றுத் துணிக்கான பணத்தை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கிவையுங்கள்.

கழிவறையில்தான் பெரும்பாலான இடங்கள் சறுக்குகின்றன. மலைச்சரிவில் மண் இரண்டு மூன்று அடிதான் இருக்கும், அதற்குக் கீழே பாறை. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியில் இறங்கும் நீர் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போய், கீழே ஐம்பதடியில் ஓடைக்கரையில் கசியும். மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். குழி தோண்டும்போது ஆறடிக்குள் பாறை தட்டினால் உறிஞ்சுகுழித் திட்டத்தைக் கைவிடுங்கள். அங்கே ஏற்றது இரண்டு அறை கொண்ட உலர் மட்கு கழிவறை. மலம் ஒரு துளையில், சிறுநீர் வேறு வழியில், கழுவும் நீர் இன்னொரு வழியில் கல்வாழைப் பாத்திக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டைச் சாம்பல் போட வேண்டும். ஓர் அறை நிரம்பியதும் மூடிவைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். சமவெளியில் ஆறு மாதம் போதும். உங்கள் குளிருக்கு ஓராண்டு மூடியே இருக்கட்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் பொதுக் கழிவறையாகவே இந்த முறை நடந்திருக்கிறது, ஆகவே இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் என்று யாரும் ஒதுக்க முடியாது. ஒரே பலவீனம், விருந்தினர் ஒருவர் தவறான துளையில் தண்ணீர் ஊற்றினால் நாறும். வந்ததும் ஐந்து நிமிடம் நின்று விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். எந்தக் கழிவறையும் ஓடைக்கு 30 மீட்டருக்குள் வரக் கூடாது.

நடைப்பாதைதான் நீங்கள் விற்கப்போகும் சரக்கு, அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: சரிவில் நேர்கீழாகப் பாதை வெட்டுவது. ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று போதும், பாதை வாய்க்காலாகிவிடும். வழுக்குகிறதே என்று மக்கள் ஓரத்தில் நடப்பார்கள், இரண்டடிப் பாதை எட்டடியாகும். பாதை மலையின் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். பத்தடி நடந்தால் ஓரடிக்குமேல் ஏறக் கூடாது. எந்த இடத்திலும் பாதையின் ஏற்றம் அந்த மலைச்சரிவின் பாதிக்குமேல் போகக் கூடாது, போனால் நீர் பாதையைக் கடக்காமல் பாதையோடேயே ஓடும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய குழாய் மட்டம்) இதை அளந்துவிடலாம். அகலம் இரண்டரை அடி. வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும், விழும் மழை அங்கங்கேயே சரிவில் வடியும். ஏற்றமான இடங்களில் நாற்பது ஐம்பது அடிக்கு ஒருமுறை பாதையைச் சிறிது இறக்கி மறுபடி ஏற்றினால், தப்பி ஓடும் நீர் அந்தப் பள்ளத்தில் வெளியேறும். மண்வெட்டி, கடப்பாரை, வெட்டுக்கத்தி போதும். ஜேசிபியை நிலத்துக்குள் விடவே வேண்டாம், அது ஒருநாளில் கிளறிவிட்ட மண் ஐந்து மழைக்காலத்துக்கு ஓடையைக் கலக்கும். உண்ணிச்செடிப் புதரை மொத்தமாக ஒரே ஆண்டில் அழிக்காதீர்கள்; பாதையோரம் பத்தடி வெட்டி வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் நாட்டு மரக்கன்று பிடித்தபின் அடுத்த பத்தடி.

தீ விஷயத்தில் சலுகையே கிடையாது. சனவரி முடிவதற்குள் எல்லை நெடுகப் பத்தடிக்குக் குறையாமல் தீத்தடுப்புக் கோட்டை மண் தெரியச் செதுக்குங்கள். பிப்ரவரியில் சருகு உதிர்ந்தபின் மறுபடி பெருக்க வேண்டும். இந்த இரண்டாவது பெருக்கலைத்தான் பலரும் மறக்கிறார்கள், அப்போது கோடு இருந்தும் இல்லாததே. பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை விருந்தினரே வேண்டாம். வனத்துறையும் மலையேற்றப் பாதைகளைத் தீக்காலத்தில் மூடுகிறது. மற்ற மாதங்களிலும் முகாம் நெருப்பு ஒரே இடத்தில், கல் பதித்த வட்டத்துக்குள், பக்கத்தில் 200 லிட்டர் பேரலில் நீரோடு.

மருத்துவத்தில் பாம்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம் என்று சுவரில் எழுதிவையுங்கள். யாரும் கேட்காதது உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கடியால் வருவது, பத்து நாள் கழித்து ஊரில் காய்ச்சலாகத் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற மருந்தில் குணமாகும், தாமதமானால் உயிருக்கே ஆபத்து. 'மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலைக்காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்' என்று அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்புங்கள்.

இனிக் கணக்கு. இவை நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். தீக்காலம் இரண்டு மாதம், நவம்பர் அடைமழை ஒரு மாதம் போக ஒன்பது மாதம். வார இறுதி இரவு மாதம் எட்டு, ஆக 72 இரவு. 16 படுக்கையில் சராசரி 12 பேர் என்றால் 864 ஆள்-இரவு. சாப்பாடும் வழிகாட்டி நடையும் சேர்த்துத் தலைக்கு 1,800 ரூபாய் வைத்தால் வரவு 15,55,200. செலவில் சாப்பாடு தலைக்கு 450 என்று 3,88,800, மூன்று நிரந்தர ஊழியருக்கு மாதம் 15,000 வீதம் 5,40,000, ஆறு பேருக்கு ஒருவர் என இரண்டு வழிகாட்டிகளுக்கு 1,44,000, பழுதுபார்ப்பு 2,00,000, பாதையும் தீக்கோடும் 80,000, காப்பீடு, உரிமம், தணிக்கை 60,000. மிச்சம் 1,42,400. இவ்வளவு உழைப்புக்கு இது சொற்பம். வார நாளில் பள்ளி கல்லூரிக் குழுக்களுக்கு 25 இரவு, 16 பேர், தலைக்கு 900 என்று நடத்தினால் சாப்பாடு, வழிகாட்டி போக மேலும் 1,90,000 நிற்கும். மொத்தம் 3,32,400. காவலாளி சம்பளம் இந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிட்டதால், நிலத்தின் செலவு இனிச் சங்கத்தின் கையைக் கடிக்காது. முதலீடு 25 லட்சம் என்றால் திரும்ப ஏழெட்டு ஆண்டு. அதை வங்கிக் கடனாக வாங்கினால் வட்டியே மிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கடன் கட்ட வேண்டுமே என்று படுக்கையைக் கூட்டுவீர்கள், ஓடையில் போய்க் கை வைப்பீர்கள். உறுப்பினர் வைப்புத்தொகையிலும் நன்கொடையிலும் தொடங்கி, முதலில் ஓட்டுக் கட்டடம், அது ஒரு பருவம் ஓடியபின் கூடாரம் என்று போங்கள்.

பெரிய சங்கங்களும் விடுதி வருமானத்தை மட்டும் நம்பிக் காட்டைக் காப்பதில்லை. 1876-இல் பாஸ்டனில் தொடங்கிய அப்பலாச்சியன் மலைச் சங்கம் 2003-இல் மெய்ன் மாநிலத்தில் ஏறத்தாழ 37,000 ஏக்கர் வாங்கியது. அங்கிருந்த பழைய மீன்பிடி முகாம்களைச் செப்பனிட்டே விருந்தினரைத் தங்கவைத்தது. கூடவே ஒரு பகுதியில் அளவோடு மரம் எடுக்கிறது, நன்கொடையும் திரட்டுகிறது. உங்களுக்கு மரம் எடுக்கும் வழி கிடையாது. ஆனால் புதருக்குள் பிழைத்துக் கிடக்கும் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் உண்டு. ஒன்றிரண்டு ஏக்கரை மட்டும் கவாத்து செய்து மீட்டால் விருந்தினருக்கு விற்கும் அளவு காப்பித்தூள் கிடைக்கும். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

சங்கத்தின் சட்டநிலையைத் தணிக்கையாளரிடம் கேட்டாக வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானதென்றால், தங்குமிடம் நடத்துவது நோக்கங்களில் இருக்கிறதா என்று துணைவிதியைப் பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுத் திருத்த வேண்டும். பொதுநன்மை என்ற பிரிவில் வருமான வரி விலக்கு பெற்றிருந்தால், வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த ஆண்டின் விலக்கே போய்விடும். மேலே போட்ட கணக்கில் மொத்த வரவு 19 லட்சத்தைத் தொடுகிறது. சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம், உறுப்பினர் சந்தா சேர்ந்தால் தாண்டக்கூடும். தனி நிறுவனம் அமைப்பதா வேண்டாமா என்பது இந்த இரண்டு எண்களைப் பொறுத்தது, அதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது.

'நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், மாதம் இவ்வளவு தந்துவிடுகிறோம்' என்று விடுதி நடத்துவோர் குத்தகைக்குக் கேட்டு வருவார்கள். என் கருத்தில் அது இந்த நிலத்துக்கு முடிவு. நிலையான தொகை கொடுக்க வேண்டியவர் படுக்கையை நிரப்பத்தான் பார்ப்பார். ஓடையின் அளவு அவருக்கு ஒரு பொருட்டல்ல. அதைவிடப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பளியர் இளைஞர் நான்கு பேரை மாதச் சம்பளத்திலும், காப்பீட்டோடும், வழிகாட்டிகளாக எடுத்துப் பயிற்சி கொடுங்கள். மேலே வழிகாட்டிகளுக்கு நான் போட்டது நாள்கூலிக் கணக்கு. சம்பளமாக்கினால் செலவு கூடும், அதற்கேற்ப நடைக்கட்டணத்தை உயர்த்துங்கள். தேன் எடுக்கும் மரத்தையும், சிரிப்பான் குருவி கூடு கட்டும் புதரையும் காட்டத் தெரிந்தவருக்காகத்தான் மக்கள் மறுபடி வருவார்கள்.

கடைசியாக உங்கள் உறுப்பினர்கள். 'நம் இடம்தானே' என்று நீண்ட விடுமுறை நாட்களில் இலவசமாக வந்து தங்குவார்கள், அந்த நாட்கள்தான் வருமானம் தரும் நாட்கள். உறுப்பினருக்கு மாதத்தில் ஒரு வார இறுதி, சாப்பாட்டுச் செலவு மட்டும். மற்ற நாளில் முழுக் கட்டணம். 16 பேருக்குமேல் தலைவரே வந்தாலும் இடமில்லை. இதைத் தொடக்கப் பொதுக்குழுவிலேயே எழுத்தில் நிறைவேற்றிவிட்டு, வரும் ஏப்ரல் கடைசியில் வாளியோடு ஓடைக்குப் போங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் கீழே வந்தால் மேலே போட்ட 16 என்ற எண்ணை எட்டாகக் குறைத்து, கூடாரத் திட்டத்தை விட்டுவிட்டு ஓட்டுக் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.